வாரண்டிக் காலத்தில் திரும்பத் திரும்பப் பழுதாகும் கார்: எந்த வழியில் நியாயம் கேட்பது?

புதிதாக வாங்கிய கார் ஒரே பழுதுக்காக மூன்றாவது முறையும் நான்காவது முறையும் சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, இத்தனை முறை சரிசெய்ய முயன்றும் முடியாவிட்டால் நிறுவனம் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் அப்படியொரு சட்டத்தை 1982இலேயே இயற்றியது. பிற மாநிலங்களும் அதைப் பின்தொடர்ந்தன. நம் வாங்குபவரோ, நிறுவனத்திடமே முறையிடுவது, தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பது, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பது, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவது என்ற வழிகளில் தமக்கு உகந்ததைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இவை செலவிலும் வேகத்திலும் வலுவிலும் ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல.

நிறுவனத்திடம் முறையிடுவதே விரைவானது. பெரும்பாலான சாதாரணப் பழுதுகளுக்கு அதுவே போதும். ஆனால் வாரண்டி என்பது பொதுவாகப் பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவதாகவோ மாற்றித் தருவதாகவோ அளிக்கப்படும் உறுதிமொழிதான். காரையே மாற்றித் தருவதாக அதில் எங்கும் எழுதியிருக்காது. அதைவிடப் பெரிய குறை, பழுதின் வரலாற்றை எழுதும் பேனா எதிர்த்தரப்பின் கையில் இருப்பது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடுகிறது என்று நாம் சொன்னது, சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைப் பதிவுத் தாளான ஜாப் கார்டில் “பொதுச் சோதனை” என்று பதிவாகிவிட்டால், பின்னாளில் அந்தப் பழுது அன்றைக்கு இருந்ததை நிறுவுவது மிகக் கடினம். ஆகவே ஒவ்வொரு முறையும் குறையை நம் சொற்களிலேயே எழுதச் செய்து, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் உள்ள நகலைப் பெற்ற பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். டீலருக்கு மட்டுமின்றி உற்பத்தியாளருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பழுது நீங்காத நிலையில், முழுத் திருப்தி என்று அச்சிட்ட தாளில் கையெழுத்திடக் கூடாது.

1915 என்ற உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பாகம் வராமல் வண்டி வாரக்கணக்கில் நிற்பது, வாரண்டியில் அடங்கும் வேலைக்குப் பணம் கேட்பது போன்றவற்றுக்கு இது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் அதற்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. வண்டியில் குறையே இல்லை என்று நிறுவனம் எழுதிவிட்டால், புகார் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அங்கே காத்திருக்கும் நாட்களிலும் வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு கரைந்துகொண்டிருப்பதால், இதைத் தொடக்கமாக மட்டுமே கொள்வது நல்லது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தரும் வழியே இவற்றுள் வலிமையானது என்பது என் உறுதியான கருத்து. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையத்திலும் மனுச் செய்யலாம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்தையே நாடலாம் என்பது பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத வசதி. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 12 லட்சம் ரூபாய் காருக்கான மனுக் கட்டணம் 400 ரூபாய்தான். அதே தொகையைக் கேட்டுத் தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்குத் தொடுத்தால், 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணமாக மட்டுமே 36,000 ரூபாய் கட்ட வேண்டும். நிறுவனம் தோற்று மேல்முறையீடு செய்ய விரும்பினால், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிய பிறகே செய்ய முடியும் என்பது, தீர்ப்பை இழுத்தடிப்பதற்குச் சட்டம் போட்டிருக்கும் நல்ல தடை. ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நெடுங்காலம் ஆகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆணையத்தில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தவை: என்ன கேட்கிறோம், எதைக் காட்டி நிரூபிக்கிறோம். கிளட்ச் பழுது தொடர்பான ஒரு வழக்கில், வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதோடு நிற்கும்போது காரையே மாற்றித் தரச் சொல்வது பொருந்தாது என்று 2006இல் மாருதி நிறுவனத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. நிறுவனங்கள் இன்றும் முதலில் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இதுவே. மாறாக, ஃபியட் நிறுவனம் தொடர்பான பிந்தைய வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு இருப்பதாகக் கருதினால் காரின் விலையை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2022இல், விபத்தின்போது காற்றுப்பை விரியாத ஹூண்டாய் காரை மாற்றித் தரும் உத்தரவையும் அது உறுதிசெய்தது. எனவே மாற்றுக் கார் என்ற ஒரே கோரிக்கையோடு நிற்காமல், விலையைத் திருப்பித் தருதல், இல்லையேல் பழுதான தொகுதியை முழுமையாக மாற்றிப் புதிய வாரண்டி தருதல், இரண்டிலும் இழப்பீடு என்று படிப்படியாகக் கேட்பதே விவேகம். குறையை நிறுவ வண்டியை வல்லுநர் ஆய்வுக்கு அனுப்பும்படி தொடக்கத்திலேயே மனுச் செய்ய வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் விழுந்த வழக்குகள் ஏராளம். வண்டி இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறதே, பிறகெப்படி உற்பத்திக் குறைபாடு என்ற வாதம் தவறாமல் வரும் என்பதால், ஆய்வைத் தள்ளிப்போடுவது வாங்கியவருக்கே பாதகம்.

உரிமையியல் நீதிமன்றம், வணிக நோக்கத்துக்காக வாங்கியதால் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வராதவர்களுக்கே பெரிதும் உரியது. சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கென்றே டாக்சி வாங்கி ஓட்டுபவரை அந்த வரையறை விலக்குவதில்லை. அவர் ஆணையத்துக்கே வரலாம்.

ஒரே மாடலில் பலருக்கும் அதே குறை இருந்தால், இன்னொரு கதவும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிடலாம். ஆயினும் அதற்குப் பொதுவாகக் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர வேண்டியிருக்கும் என்பதால், தனியொருவரின் காருக்கு அதை நம்பிக் காத்திருக்க இயலாது. புகாரைப் பதிந்துவிட்டு நம் வழக்கை நடத்துவதே சரி.

ஆகவே, அதே பழுது மூன்றாம் முறை வந்தவுடன் உற்பத்தியாளருக்கு எழுத்துமூல அறிவிப்பும் 1915இல் புகாரும் ஒருசேரப் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் உருப்படியான பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு; வாரண்டி மூன்று ஆண்டு என்பதாலேயே அது நீளாது. மனுவில் டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஏனெனில், டீலர் தனித்துச் செய்த தவறுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று டாட்டா மோட்டார்ஸ் வழக்கில் 2021இல் தீர்ப்பாகியிருக்கும் நிலையில், ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் பழியை அவர்மேல் போட்டுத் தப்பிக்க வழி பிறந்துவிடும்.