வீட்டுலேந்து வேலை தேடுறவங்களுக்கு அப்வொர்க் எப்படி? என் ரிவ்யூ

வீட்டுலேந்தே என்ன வேலை பண்ணலாம்னு தேடுறவங்க சுத்தி சுத்தி கடைசில வந்து நிக்கிற இடம் அப்வொர்க்தான். ஈலான்ஸ், ஓடெஸ்க்னு இருந்த ரெண்டு சைட் ஒண்ணா சேந்து 2015ல இந்தப் பேருக்கு வந்துச்சு. இவங்க வேலை குடுக்கற கம்பெனி இல்ல, வேலை குடுக்கறவங்களும் செய்றவங்களும் சந்திக்கிற ஆன்லைன் சந்தை மாதிரி, கடை விரிச்சு கூவி விக்கிறது நம்ம பாடு.

உள்ள போனதும் எல்லாரும் தேடுறது டேட்டா என்ட்ரி. தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க. போஸ்ட் வந்த கொஞ்ச நேரத்துல ப்ரொபோசல் (அதாவது வேலைக்கு வந்த விண்ணப்பம்) 50க்கு மேலன்னு காட்டும், அப்ளை பண்ண கனெக்ட்ஸ்னு சைட்டோட டோக்கன் வேற செலவாகும், ஒரு கனெக்ட் 15 சென்ட், ஒரே வேலைக்கு பல கனெக்ட் கேக்கும், வேற ஆளை எடுத்துட்டா அது போனது போனதுதான். ஃப்ராடும் இங்கதான் ஜாஸ்தி. "டெலிகிராமுக்கு வாங்க, பிடிஎஃப்ப டைப் பண்ணணும், முதல்ல டெபாசிட் கட்டுங்க"ன்னு எனக்கே வந்திருக்கு, அப்படியே ரிப்போர்ட் அடிச்சிட்டு போயிட்டேன்.

நெஜமா ஓடுறது, முடிச்சு ஃபைலா குடுத்தா பாத்த உடனே நல்லாருக்கா இல்லையான்னு தெரியுற வேலைங்க. வீடியோ எடிட்டிங், சப்டைட்டில், கணக்கு எழுதுறது, கோடிங், படத்துல பேக்ரவுண்ட் எடுக்கறது இப்படி. சாம்பிள் கையில இருந்தா முன்னாடி ரிவ்யூ இல்லாட்டியும் பேச ஆரம்பிக்கிறாங்க. ஆடியோ கேட்டு டைப் பண்ற வேலைய பாதி ஏஐ முழுங்கிடுச்சு, இப்ப வர்றது பெரும்பாலும் மெஷின் எழுதினத திருத்துறதுதான். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுவாங்க, டாக்டர் மருந்து பேர வாய்க்குள்ளயே சொல்லுவாரு, மெஷின் அங்க எதையாவது அடிச்சு வச்சிருக்கும், ஒரே வரிய திரும்பத் திரும்ப ஓட்டிக் கேக்கணும். கஸ்டமர் சப்போர்ட் சாட் வேலையும் இருக்கு, ஆனா அவங்க பகல் உங்களுக்கு நடுராத்திரியா இருக்கலாம், யோசிச்சுக்கோங்க.

மணிக்கணக்கு வேலைன்னா டைம் ட்ராக்கர்னு நேரத்த பதிவு பண்ற சாஃப்ட்வேர் போடணும். 10 நிமிஷத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட், எப்ப எடுக்கும்னு தெரியாது, எத்தனை தடவ கீ தட்டுனோம்னு கூட எண்ணும். பிடிக்காத ஷாட்ட அழிக்கலாம், ஆனா அந்த 10 நிமிஷ காசும் சேந்து போயிடும். எனக்கு இது எரிச்சல், ஆனா காசு வராம போற பயம் இதுல கம்மி. மொத்தமா ரேட் பேசுற வேலைல க்ளையன்ட் முன்னாடியே பணத்த எஸ்க்ரோல, அதாவது வேலை முடியற வரைக்கும் பணத்த பிடிச்சு வைக்கிற கணக்குல போடணும், அது வந்திருக்கான்னு பாக்காம கைய வைக்காதீங்க. முடிச்சு சப்மிட் பண்ணி 14 நாள் அவர் பதிலே சொல்லலேன்னா தானா ரிலீஸ் ஆகிடும்.

நம்ம சம்பளத்துல அப்வொர்க் எடுக்கற கமிஷன் முன்னாடி 10 சதவீதம்னு ஒரே அளவா இருந்துச்சு, 2025 மே மாசத்துலேந்து புது கான்ட்ராக்ட்டுக்கு 0 முதல் 15 சதவீதம் வரைக்கும் மாறுது. வேலைக்கு வேலை எவ்ளோன்னு ப்ரொபோசல் போடும்போதே காட்டும், அதையும் சேத்து ரேட் சொல்லுங்க. 5க்கு 3 ஸ்டார்.