ஜெனரேட்டர் ஊருக்கு எந்த ஹெட்போன்?

யாங்கூனில் மின்சாரம் போன மறுநிமிடமே தெருவோரத்து ஜெனரேட்டர்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமத் தொடங்கிவிடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும், பிள்ளைகள் தூங்கிய பிறகு நிம்மதியாக ஒரு கச்சேரி கேட்க நினைப்பவருக்கும் இரைச்சல் நீக்கும் ஹெட்போன் இங்கே அத்தியாவசியப் பொருள்தான். அதிகம் பேசப்படும் நான்கை எடுத்துக்கொள்கிறேன்: சோனி எக்ஸ்எம்5 (2022), போஸ் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா (2023), சென்ஹைசர் மொமென்டம் 4 (2022), ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் (2020). நம் ஊரின் வெக்கையும் மின்தடையும் நாம் கேட்டு வளர்ந்த இசையும்தான் என் அளவுகோல்.

இரைச்சலை இவை எப்படி விரட்டுகின்றன என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. காதை மூடும் கிண்ணத்தின் மேலுள்ள மைக்குகள் வெளியோசையைப் பிடிக்கின்றன. உள்ளிருக்கும் சில்லு அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி, இரண்டையும் மோதவிட்டு அடக்குகிறது. ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த ஓசைகளிடம் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். ஜெனரேட்டர் உறுமல், பஸ் எஞ்சின், ஏசி முனகல் எல்லாம் அந்த வகை. காக்கைக் கரைச்சலும் தேநீர்க்கடைத் தட்டுகளின் கலகலப்பும் வேறு வகை. அவற்றைத் தடுப்பது பெரும்பாலும் காதைச் சுற்றி அமரும் மெத்தைதான். தகரக் கூரையில் மழை அடித்தால் அடியிலுள்ள இரைச்சல் அடங்கும், மேலே படபடப்பு மிஞ்சும். உறுமலை அடக்குவதில் போஸுக்கே முதலிடம் தருவேன். சோனியும் ஆப்பிளும் அதன் குதிகாலைத் தொட்டுக்கொண்டு வருகின்றன. சென்ஹைசர் ஒரு படி கீழே.

சுகம் என்று வந்தால் எடையைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். சோனியும் போஸும் 250 கிராம் அளவு, சென்ஹைசர் 293, ஆப்பிள் 385 கிராம் அளவு. ஆப்பிளின் வலைத்துணி மெத்தையில் காற்று புகும். ஏப்ரல் வெயிலில் அது பெரிய வரம். ஆனாலும் அத்தனை எடையைக் கழுத்து நெடுநேரம் தாங்காது. மற்ற மூன்றிலும் தோல் போன்ற உறை, அதனால் வியர்வை நிச்சயம். அவற்றில் போஸின் பிடிதான் மிக மென்மை: தாடையை அழுத்தாது, தலை உச்சியில் கடுக்காது. மடிந்து சின்னப் பைக்குள் அடங்குவதால் நெரிசல் பஸ்ஸில் போகிறவருக்கும் தோதானது. எக்ஸ்எம்5 மடியாது. அதற்கு அடுத்து 2025இல் வந்த எக்ஸ்எம்6 மடிகிறது.

ஒலியில் என் மனம் சென்ஹைசர் பக்கம் சாய்கிறது. மிருதங்கத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். இடப்பக்கமான தொப்பியின் 'தோம்' தனியாகவும், வலப்பக்கமான வலந்தலையின் மீட்டு ஒலி தனியாகவும், இரண்டுக்கும் பின்னால் தம்புராவின் ரீங்காரம் அறுபடாமலும் கேட்க வேண்டும். சோனியைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே கேட்டால் தொப்பி ஊதிப் பெருத்துத் தம்புராவை விழுங்கிவிடுகிறது. செயலியில் தாழ்சுரத்தைக் குறைத்தால் அது நல்ல ஹெட்போன்தான், ஆனால் குறைத்தே ஆக வேண்டும். சென்ஹைசரிலும் தாழ்சுரம் சற்றுத் தூக்கல். கட்டுக்குள் இருப்பதால் வீணையின் கமகம் கலங்குவதில்லை. நாகசுரத்தின் கூர்மையும் காதைக் குத்தாமல் வருகிறது. போஸின் ஒலி இனிமையானது, நுணுக்கம் கொஞ்சம் குறைவு. அதிலுள்ள சுற்றொலி வசதி பழைய கச்சேரிப் பதிவுகளுக்குத் தேவையே இல்லை. ஒற்றை மைக்கில் பிடித்த பாட்டை அறை முழுக்கப் பரப்பினால் பாடகர் எங்கோ தள்ளிப் போய்விடுகிறார். ஆப்பிளின் ஒலி தெளிவானது. ஐபோன் இல்லாதவர் அதற்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. கம்பியில்லாமல் இசையைக் கொண்டுவரும் சோனியின் எல்டாக் நுட்பம் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், ஆனால் ஐபோனில் அது கிடையாது.

பேட்டரி விஷயத்தில் போட்டியே இல்லை. நிறுவனங்கள் சொல்லும் கணக்கில் ஆப்பிள் 20 மணி நேரம், போஸ் 24, சோனி 30, சென்ஹைசர் 60. போஸில் சுற்றொலியைப் போட்டால் 18 ஆகிவிடும். கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்து, வந்த சிறிது நேரத்துக்குள் போன், விளக்கு, பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றும் குடும்பத்தில், வாரக்கணக்கில் பிளக்கைத் தேடாத ஹெட்போன் மற்றவற்றுக்கு இடம் விடுகிறது.

ஆகவே இசைக்காக வாங்குகிறவருக்குச் சென்ஹைசரைத்தான் சொல்வேன். நாள் முழுக்கத் தலையில் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர், ஜெனரேட்டர் ஜன்னலுக்கு நேர் கீழே ஓடும் வீட்டுக்காரர் என்றால் போஸ். வாங்கும் முன் கடை வாசலில் ஓடும் ஜெனரேட்டர் பக்கத்தில் இருபது நிமிடமாவது போட்டுப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் அதைக் கழற்ற வேண்டாம்; கண்ணாடிக் கம்பி மெத்தையைத் தூக்கினால் அந்த இடைவெளி வழியே உறுமல் உள்ளே வந்துவிடும்.