ஓப்பன்சிவியின் சேலியன்சி மாட்யூல்: முதியவர் பார்வைக்கு ஒத்துவருமா?

படத்தைப் பார்த்ததும் கண் முதலில் எங்கே போகும் என்று கணிக்க, கணினியில் படங்களை அலசும் நிரல் தொகுப்பான ஓப்பன்சிவியில் சேலியன்சி (கண்ணை ஈர்க்கும் தன்மை) என்ற இலவச மாட்யூல் ஒன்று இருக்கிறது. முதியவர்களுக்கான அறிவிப்புப் பலகையையோ மொபைல் திரையையோ இதை வைத்துச் சோதிக்க நினைப்பவர்களுக்கு இந்த விமர்சனம்.

நிறுவும்போதே பலர் தடுக்கி விழுகிறார்கள். சாதாரண ஓப்பன்சிவி-பைத்தான் பொதியில் சேலியன்சி கிடையாது. கூடுதல் மாட்யூல்கள் அடங்கிய கான்ட்ரிப் பொதி வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் மோதும். பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். கண்ணை ஈர்க்கும் இடங்களைக் காட்டி வெளிவரும் வரைபடத்தின் மதிப்புகள் 0 முதல் 1 வரைதான். 255-ஆல் பெருக்காமல் சேமித்தால் வெறும் கறுப்புப் படம்தான் கிடைக்கும்.

வேகத்தில் குறையில்லை. இந்த மாட்யூலில் உள்ள, 2007-இல் ஹௌ, ஜாங் இருவரும் முன்வைத்த ஸ்பெக்ட்ரல் ரெசிடுவல் என்ற கணிப்பு முறை படத்தை 64-க்கு 64 பிக்சலாகச் சுருக்கித்தான் கணக்கிடுகிறது. சிக்கலும் அங்கேதான். 1280 பிக்சல் அகலமுள்ள படத்தில் 20 பிக்சலுக்கு ஒரு புள்ளிதான் மிஞ்சும். வயதானால் நுண்ணிய கோடுகளின் வேறுபாடு மங்கும் என்பதைக் காட்ட நீங்கள் படத்தை லேசாக மங்கலாக்கினாலும், அந்த நுண்மை எப்படியும் சுருக்கத்தில் போய்விடும். சுருக்கிய படத்தின் அகலத்தையும் உயரத்தையும் 256 ஆக்கினால் ஓரளவு மிஞ்சும்.

நிறத்தில் நிலைமை இன்னும் மோசம். முதலில் எல்லாம் சாம்பல் படமாகிவிடுகிறது. முழுச் சிவப்பு (அளவு 255) சாம்பலில் 76 ஆகிறது. அளவு 130 உள்ள பச்சையும் அதே 76. அந்தப் பச்சைமேல் வைத்த சிவப்புப் பொத்தான் இந்த மாட்யூலுக்குத் தெரியவே தெரியாது. வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கும் என்று நீலத்தைக் குறைத்தாலும் பெரிய பலனில்லை. சாம்பல் கணக்கில் நீலத்தின் பங்கு 0.114 மட்டுமே.

மாற்று வழி உண்டு. படத்தை லேப் நிறமுறைக்கு மாற்றி வெளிச்சம், பச்சை-சிவப்பு, நீல-மஞ்சள் என மூன்று தளங்களையும் பிரியுங்கள். ஒவ்வொரு தளத்தையும் மூன்று முறை அடுக்கி, தனித்தனியாக மாட்யூலில் ஓட்டுங்கள். முதியவருக்கு நீல-மஞ்சள் தளத்தின் எடையைக் குறைத்து, மூன்று வரைபடங்களையும் கூட்டுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதை அந்த வயதினரின் கண்ணசைவுத் தரவை வைத்தே முடிவு செய்ய வேண்டும்; கைபோன போக்கில் போட்ட எண் யாருக்கும் உதவாது.

குழந்தைகள் விஷயம் வேறு. சின்னக் குழந்தைகளின் பார்வை ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்கும், குறைந்த தூரமே தாவும், படத்தின் நடுவை விட்டு அதிகம் விலகாது. வரைபடத்தை நடுவில் குவிந்த காஸியன் (நடுவில் உயர்ந்து ஓரங்களில் தணியும் மணி வடிவ எடை) ஒன்றால் பெருக்கினால், உண்மையான கண்ணசைவோடு ஒத்துப்போகும் மதிப்பெண் சட்டென்று ஏறும். அதை நம்பிவிடாதீர்கள்: காஸியனை மட்டும் தனியே சோதித்து, அதைவிட எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்.

நிறம், ஒளிச்செறிவு, கோடுகளின் திசை என 42 தனி வரைபடங்களைக் கட்டும் 1998-இன் இட்டி-காக்-நீபர் மாதிரி இதைவிட மெதுவானது. ஆனாலும் வயதுக்கேற்ப எடை மாற்ற அதில் இடம் நிறைய. வயதுதான் உங்கள் கேள்வி என்றால் அதையே எடுங்கள். இந்த மாட்யூல் அவசர முன்னோட்டத்துக்கு மட்டும் போதும்.