எப்போதும் நான்கு படைப்புகள்: பியானோவில் எதைக் கற்பது என்பதில் என் நீண்டகால அனுபவம்

பியானோவில் அடிப்படையைத் தாண்டியதும், அடுத்து எதை எடுப்பது என்ற கேள்வி வந்துவிடும். பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் மெதுவான, சோகமான, பெடலை (ஒலியை நீளவைக்கும் கால்மிதியை) நம்பி நிற்கும் இசையாகவே சேர்ந்துவிடும். தேர்வுப் பாடத்திட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு கிரேடுக்கு மூன்று, நான்கு படைப்புகளோடு வருடமே ஓடிவிடும். பல வருடங்களாக நான் கடைப்பிடிப்பது வேறு வழி. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஒன்று, ஒரு சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட படைப்பு) அல்லது அதன் சிறுவடிவமான சொனாட்டினா, ஒரு ரொமான்டிக் காலப் (பத்தொன்பதாம் நூற்றாண்டு) படைப்பு, ஒரு இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு என்று எப்போதும் நான்கு கையில் இருக்கும். ஒன்று முடிந்தால் அதே வகையிலிருந்துதான் அடுத்தது.

இதில் பாக்கை மட்டும் நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. 1723-இல் சுத்தப்பிரதியாக எழுதிய இன்வென்ஷன்கள் என்ற சிறுபடைப்புகளின் முகப்பிலேயே, இரண்டு குரல்களை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு மெட்டுகளை, தெளிவாக வாசிக்கவும், பாடுவதுபோன்ற நடை கைவரவும் என்று அவர் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறார். முதல் இன்வென்ஷன் சி மேஜர், மொத்தம் 22 பார்தான் (பார் என்பது ஒரு தாளச் சுற்று). வலது கை ஒரு சிறு கருவைச் சொல்கிறது. முதல் பாரின் பாதியிலேயே இடது கை அதையே ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே திருப்பிச் சொல்கிறது. மூன்றாவது பாரில் அந்தக் கரு தலைகீழாகிறது. வலது கையை வாசித்துக்கொண்டே இடது கையின் குரலை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். முதலில் இரண்டும் குழம்பும். குழப்பம் தீர்ந்ததும் இடது கை வெறும் துணையாக இருந்த நிலை மாறிவிடும். அந்த மாற்றம் மற்ற மூன்று படைப்புகளிலும் கேட்கும். தினமும் உட்கார்ந்தவுடன், மனம் களைப்பதற்கு முன்பே இதை வாசித்துவிடுவேன்.

சொனாட்டா வரிசைக்குப் பெரிய யோசனை தேவையில்லை. கிளமென்டியின் ஓபஸ் (படைப்பு எண்) 36 சொனாட்டினாக்கள், பிறகு பேத்தோவனின் ஓபஸ் 49-இல் இரண்டாவது, பிறகு மொசார்ட்டின் கே 545 (கே என்பது அவர் படைப்புகளின் பட்டியல் எண்). கடைசியாகச் சொன்னது 1788-இல் எழுதியது. ஆரம்பநிலையினருக்கு என்று மொசார்ட்டே குறித்துவைத்தது. ஆனால் அதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. படிப்படியாக ஏறி இறங்கும் ஒரு சுரவரிசை சற்றுத் தடுமாறினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். முதல் பகுதியில் கரு திரும்பி வரும்போது எதிர்பார்க்கும் சி மேஜரில் வராமல் எஃப் மேஜரில் வருவதால், விரல்களின் பழக்கத்தை நம்பி அந்த இடத்தைக் கடக்க முடியாது.

ரொமான்டிக் வகையில் ஷோப்பானின் ஓபஸ் 28-இல் நான்காவது பிரெலூட் (சிறு தனிப்படைப்பு) எனக்கு மிகவும் வேண்டியது. 25 பார், வலது கையில் சுரங்களே குறைவு. வேலை முழுவதும் இடது கையில். ஒரே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) திரும்பத் திரும்ப ஒலிக்கும், ஒரு விரல் மட்டும் அரைச்சுரம் இறங்கும், பிறகு இன்னொன்று. எந்தச் சுரம் இறங்கியது என்று காது கவனிக்காவிட்டால் அது சும்மா தட்டுவதாகிவிடும். பெடலே போடாமல் இடது கையை மட்டும் மிக மெதுவாக வாசித்து, இறங்கும் சுரத்துக்கு மட்டும் துளி கூடுதல் அழுத்தம் கொடுத்துப் பழகுவது நல்ல பலன் தந்தது.

பலரும் விட்டுவிடுவது நான்காவது வகையைத்தான். என்னைக் கேட்டால் பார்டோக்கின் மைக்ரோகாஸ்மோஸைத் தவறவே விடக்கூடாது. 6 தொகுதிகளில் 153 சிறு படைப்புகள். முதல் விரல்பயிற்சி முதல் மேடைக்கச்சேரி வரை படிப்படியாக ஏறும். நான்காம் தொகுதியில் 113-ஆவது ஏழு எண்ணிக்கையில் ஓடும். இரண்டு, இரண்டு, மூன்று என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசித்தால் சில நாட்களில் உடம்பில் ஏறிவிடும். முதலில் கரடுமுரடாகப் பட்ட ஒலிகள் பழகப்பழக இனிக்கத் தொடங்கும்.

நான்கையும் ஒரே கடினத்தில் எடுத்தால் இந்த முறை தாங்காது. ஒன்று என் திறமைக்குச் சற்று மேலே, இரண்டு என் நிலையில், ஒன்று எளிதாக. புதிதாக எடுக்கும் முன் மற்ற மூன்றின் ஸ்கேலையும் வேகத்தையும் பார்ப்பேன். நான்கும் மைனராகவோ (சோகச் சாயல் கொண்ட ஸ்கேல்) நான்கும் மெதுவாகவோ இருந்தால் ஒன்றை மாற்றுவேன்.

குறையும் உண்டு. எதுவும் சீக்கிரம் முடியாது. தினமும் அரைமணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் நான்கு வேண்டாம். பாக்கும் வேறொன்றும் போதும், அந்த வேறொன்றைக் காலம் மாற்றி மாற்றி எடுக்கலாம். முடித்தவை மறந்துபோகாமல் இருக்க வாரத்தில் ஒரு நாளைப் பழையவற்றுக்கே ஒதுக்க வேண்டியிருக்கும்.

இப்போது என் வரிசையில் மெதுவானவை கூடிவிட்டதால், ரொமான்டிக் இடத்துக்கு அடுத்து ஷூமனின் ஓபஸ் 68-இல் 12-ஆவதான ‘க்னெக்ட் ருப்ரெக்ட்’டை எடுக்கப்போகிறேன். ஏ மைனர்தான், ஆனால் நல்ல வேகம். தொடக்கத்திலேயே இரண்டு கைகளும் கீழ்ச்சுரங்களில் ஒன்றாக ஓடவேண்டும். அதனால் முதல் வாரம் முழுவதும் தொடக்கத்து நான்கு பார் மட்டும், மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) பாதி வேகத்தில் வைத்து.