முத்தியால்பேட்டை பாலிஷ் பட்டறையில் ஒரு பழைய டெய்ஸ்கோ

பழைய எலெக்ட்ரிக் கிடார் ஒன்று பரணில் கிடக்கிறது, சரிசெய்யச் சென்னைக்குத்தான் போகணுமா என்று கடலூர்ப் பக்கம் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போக வேண்டாம். புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்பக்கத் தெருவில் பழைய மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடும் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கால் உடைந்த நாற்காலிகளும் கட்டில் சட்டங்களும் சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். அப்பா மரவேலையும் பாலிஷும் பார்க்கிறார். மகள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், வயரிங் முழுக்க அவர் கை. என் தாய்மாமன் வாசித்த கிடாரை இவர்களிடம்தான் கொடுத்து வாங்கினேன். மொத்தம் 14,500 ரூபாய் ஆனது. நடந்த வேலைக்கு அது நியாயமான கூலி. ஆனால் எல்லோருக்கும் இந்தப் பட்டறை ஒத்துவராது, அதையும் சொல்கிறேன்.

கிடார் ஜப்பானில் செய்த டெய்ஸ்கோ (நிறுவனத்தின் பெயர்). மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது கையோடு கொண்டுவந்தது. இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்), கோடு போட்ட உலோக பிக்கார்டு (உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு), ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனித்தனி சுவிட்ச். அறுபதுகளில் இந்த வகைக் கிடார்கள் அமெரிக்காவுக்கு மலிவு விலையில் ஏராளமாக ஏற்றுமதியாயின. 1967இல் டெய்ஸ்கோவை கவாய் நிறுவனம் வாங்கிவிட்டது. அமெரிக்கக் கிடார் கலைஞர் ரை கூடர் தன்னுடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் டெய்ஸ்கோவின் கோல்டு ஃபாயில் பிக்கப்பைப் பொருத்தி வாசித்த பிறகு, ஒரு காலத்தில் யாரும் சீந்தாத அந்த பிக்கப்புகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. மஞ்சக்குப்பத்திலும் பண்ருட்டியிலும் நெய்வேலியிலும் கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று மெல்லிசைக் குழுவோடு வாசித்துத் தீர்த்தார். மேடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று குழுவில் யாரோ கதவுக்கு அடிக்கும் சிவப்பு எனாமலை அதன் மேல் பூசிவிட்டார்கள். கீபோர்டு வந்து கிடாருக்கு வேலை குறைந்ததும் அது பரணுக்குப் போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கூரை ஓடு பறந்தபோது நனைந்தது. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

முதலில் வேறோர் ஊரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். எல்லாவற்றையும் மரம் வரை உரித்து கறுப்பு பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்கிறோம், பிக்கப் இரண்டையும் புதிதாக மாற்றுகிறோம் என்றார்கள். கிடாரைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முத்தியால்பேட்டையில் மாஸ்டர் விலையே பேசவில்லை. புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, அப்படியே சுவரோரம் வைத்துவிட்டார். “கம்பி இழுவ இல்லாம கழுத்து எப்படி நிக்குதுன்னு தெரியாது தம்பி. ரெண்டு நாள் இழுவயில நிக்கட்டும்” என்றார். எனக்கு இவர்மேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். வருடக்கணக்காகக் கம்பியில்லாமல் கிடந்த கழுத்து பின்பக்கமாக வளைந்திருக்கலாம், முறுக்கிக்கொண்டிருக்கலாம். கழுத்து போய்விட்டது என்றால் பெயிண்டுக்குச் செலவழிப்பது வீண். நல்லவேளையாக லேசான வளைவுதான் இருந்தது. கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் துருப்பிடித்த நட்டில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கால் சுற்று திருப்புவதும் விடுவதுமாக நிமிர்த்தினார்.

மாஸ்டரின் கைவேலையை முழுதாகப் பார்த்தது பாலிஷில்தான். கழுத்தைக் கழற்றி, எனாமல் படாத மூட்டின் அடியில் பஞ்சில் தின்னர் தொட்டுத் தேய்த்தார். அடியிலிருந்த பழைய பூச்சு பிசுபிசுத்தது. தின்னரில் கரையும் லாக்கர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பாலியஸ்டராக இருந்தால் தின்னருக்கு அசைந்தே கொடுக்காது. லாக்கர் என்றால் எனாமலை எடுக்க ரிமூவர் ஊற்ற முடியாது, ஊற்றினால் அடியில் இருப்பதும் சேர்ந்து கரைந்துவிடும். ஆகவே கண்ணாடிச் சில்லால் சுரண்டுவதே வழி. நம் ஊர் ஆசாரிகள் தேக்குக் கதவை வழவழப்பாக்கப் பயன்படுத்தும் அதே முறை. உப்புத்தாள் வேண்டாம் என்றார். எந்தப் படலம் எங்கே முடிகிறது என்று தாளுக்குத் தெரியாது, சில்லைப் பிடித்த விரலுக்குத் தெரியும். சிவப்பு சுருள் சுருளாக உதிர, அடியிலிருந்து மஞ்சளில் தொடங்கி ஓரத்தில் கருஞ்சிவப்பாக அடரும் பழைய சன்பர்ஸ்ட் வெளியே வந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கிடாரைச் சிவப்பாக மட்டுமே பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

மழையில் நனைந்த கீழ் ஓரத்தில் பூச்சு உரிந்து மரம் தெரிந்தது. அங்கே அரக்கு பாலிஷில் ஸ்பிரிட் சாயம் கலந்து, துணிப் பொட்டலத்தால் மெல்ல மெல்ல நிறம் ஏற்றினார். அரக்கு ஏன் என்று கேட்டேன். அரக்கு ஏறக்குறைய எதன் மேலும் ஒட்டும், அதன் மேலும் எதுவும் ஒட்டும். பழைய பூச்சுக்கும் புதுப் பூச்சுக்கும் நடுவே அது இருந்தால் இரண்டும் சண்டை போடாது என்றார். அதன் மேல்தான் லாக்கர் ஸ்பிரே.

அது நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. “இப்ப அடிச்சா பூத்துடும். பொங்கல் கழியட்டும்” என்று ஸ்பிரே துப்பாக்கியைத் தொடவே மறுத்துவிட்டார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டால் பால் தெளித்தாற்போல வெளுத்துவிடும். மெதுவாக உலரும் ரிடார்டர் தின்னர் கலந்து சமாளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் கடலோரத்து ஈரத்தில், திறந்த பட்டறையில், காத்திருப்பதே சரி என்று நானும் நினைக்கிறேன். பிப்ரவரியில் மெல்லிய பூச்சுகளாக அடித்து, சில வாரம் உலரவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்டு 1200, 2000 வாட்டர் பேப்பர் போட்டு, காம்பவுண்டால் துடைத்து முடித்தார்.

முகம் தெரிகிற பளபளப்பு வரவில்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் பழைய லாக்கரின் முடி போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரியும், மாமாவின் முழங்கை உரசி மங்கிய இடமும் தெரியும். அதையெல்லாம் சமன்படுத்தினால் பழைய நிறத்தைத் தாண்டி மரம் வரை போய்விடும் என்பதால் விட்டுவிட்டார். கடையில் இருப்பது போன்ற கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்பவர்கள் இங்கே போகாதீர்கள். அப்படிக் கேட்டால் இவர் செய்து தருவார், ஆனால் இவருடைய திறமை அதில் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது.

மகளின் வேலையும் இதே குணம் கொண்டதுதான். மல்டிமீட்டர் வைத்தபோது ஒரு பிக்கப் உயிரோடு இருந்தது, இன்னொன்று ஓப்பன், அதாவது உள்ளே எங்கோ இணைப்பு அறுந்திருந்தது. செத்தது என்று தூக்கிப்போடாமல் மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துத் தேடினார். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, வெளிச் சுற்றில், வயரோடு சேரும் இடத்தில் பச்சை பூத்து அறுந்திருந்தது. ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, சால்டரிங் வைத்தார். ரீவைண்டிங் தேவைப்படவில்லை. வால்யூம், டோன் குமிழ்களின் அடியிலிருக்கும் பாட்களுக்கு கான்டாக்ட் கிளீனர் மட்டும். மாற்றியது ஆம்ப் வயரைச் செருகும் ஜாக் ஒன்றைத்தான். கம்பிகள் உட்காரும் பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்டு வயர் அறுந்திருந்ததையும் போட்டுக்கொடுத்தார், இரைச்சல் பாதி குறைந்தது. கூடவே ஓர் எச்சரிக்கை: கம்பி தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் கிடாரைப் பார்க்காதீர்கள், ஆம்ப் போடும் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். திருவிழா மேடைகளில் வாசிக்கும் பிள்ளைகள் அனைவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள்) வேலை சுருக்கமாகவே முடிந்தது. மார்க்கர் பூசி, நீள அரம் ஓட்டி, மேடாக இருந்தவற்றை மட்டும் இறக்கி, உச்சியை மறுபடி உருண்டையாக்கினார். இரும்பு நாரால் துடைக்கும் முன் பிக்கப்புகளை டேப்பால் மூடினார். இல்லையென்றால் அந்த இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. லூஸாகிப்போன திருகு ஓட்டைகளுக்குப் பலா மரச் சிம்பு. பண்ருட்டிப் பலாவில் வீணையே செய்கிறார்கள், ஒரு திருகைத் தாங்காதா என்றார்.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார்கள். நேரில் போனால்தான் வேலை எங்கே நிற்கிறது என்று தெரியும். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், மாஸ்டர் வெளி வேலைக்குப் போயிருக்கிறார் என்று கேட்டுத் திரும்புவது எரிச்சலான விஷயம். எழுதிக்கொடுத்த பில் கிடையாது. நொறுங்கிப்போன இரண்டு டியூனர் (சுருதி சேர்க்கும் முறுக்காணி) குமிழ்களுக்குப் பதிலாகப் போட்டவை நிறம் சேரவில்லை. காணாமல் போன ட்ரெமோலோ கைப்பிடியை (அசைத்தால் சுருதி அலையும்) செய்து தருகிறேன் என்று சொல்லிக் கடைசிவரை செய்யவில்லை.

இப்போது கிடார் நன்றாகச் சுருதி நிற்கிறது. கழுத்துப் பக்க பிக்கப்பின் ஒலி அடர்த்தியாக, கொஞ்சம் கரகரப்போடு வருகிறது. கம்பியை மெல்லத் தொட்டாலும் பதில் சொல்கிறது. மாமாவுக்கு இப்போது விரல் அவ்வளவாக மடங்குவதில்லை. இருந்தாலும் மடியில் வைத்து ஒரு சி மேஜர் பிடித்துப் பார்த்துவிட்டு, “அந்தச் செவப்ப எடுத்ததே போதும்டா” என்றார்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. காலையில் போனால் மாஸ்டர் இருப்பார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடுத்தால் மரவேலையும் வயரிங்கும்தான் நடக்கும், ஸ்பிரே தை முடிந்துதான். கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த குமிழ், துருப்பிடித்த திருகு எதையும் வீட்டிலேயே குப்பையில் போட்டுவிடாமல் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்; மாதிரி கையில் இருந்தால்தான் அளவெடுக்க முடியும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலேயே திருப்பித் தருகிறார்கள். என் பழைய ஜாக்கும் குமிழ்களும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.