பூனையின் பல்லுக்கு ப்ரஷ்ஷா, பல் உணவா?

பூனையின் பல்லைக் காக்க நான்கு வழிகளைச் சொல்வார்கள்: ப்ரஷ், பல்லுக்கென்றே தயாரித்த உலர் உணவு, தண்ணீரில் கலக்கும் திரவம், ஈறில் தடவும் ஜெல். கடைசி இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். திரவத்தில் வேலையும் குறைவு, பலனும் குறைவு. அதன் மணம் பிடிக்காமல் பூனை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டால் கெடுதல்தான். ஜெல், ப்ரஷ்ஷுக்கு இன்னும் பழகாத பூனைக்கு ஒரு இடைக்கால ஏற்பாடு. போட்டி முதல் இரண்டுக்கும் நடுவேதான். நான் ப்ரஷ் கட்சி.

பல் உணவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சாதாரண உலர் உணவு பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும், ஈறு ஓரத்தைத் தொடாது. பல் உணவின் உருண்டை பெரிது, உள்ளே நார் பின்னியிருக்கும். பல் நன்றாக இறங்கிய பிறகே உடையும் என்பதால் பக்கவாட்டையும் துடைத்துவிடும். சிலவற்றில் சேரும் பாலிபாஸ்பேட், எச்சிலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு காரை படிவதைத் தாமதப்படுத்தும். வாங்கும்போது பொட்டலத்தில், செல்லப்பிராணிகளின் பல் பராமரிப்புப் பொருட்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் அமைப்பான வி.ஓ.எச்.சி.யின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பூனை கடிப்பது கடைவாயில். கோரைப்பல்லுக்கும் முன்பற்களுக்கும் இதனால் பெரிய லாபமில்லை. மெல்லாமல் விழுங்கும் பூனைக்கு அதுவும் இல்லை. சிறுநீர்த் தொல்லைக்காக ஈர உணவில் இருக்கும் பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

முடிவைத் தீர்மானிப்பது ஒரே கணக்கு. சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே பல்லில் கிருமிப் படலம் மறுபடி படியத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் எச்சிலின் தாதுக்கள் சேர்ந்து அது காரையாக இறுகிவிடும். இறுகியதை ப்ரஷ்ஷால் எடுக்க முடியாது. ஆகவே தினமும் துலக்க வேண்டும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். வாரம் ஒருமுறை துலக்கினால் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் ப்ரஷ்ஷைவிட தினமும் தின்னும் பல் உணவே மேல். உங்களால் தினமும் அரை நிமிடம் ஒதுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அரை நிமிடம் போதும், ஏனென்றால் துலக்க வேண்டியது கன்னப் பக்கம் மட்டுமே. உட்பக்கத்தில் நாக்கே ஓரளவு வேலை செய்துவிடும். மேல் உதட்டின் ஓரத்தை விரலால் தூக்கிப் பாருங்கள்: பின்னால் பெரிதாக ஒரு பல் தெரியும். எச்சில் சுரந்து விழும் இடம் அதன் பக்கத்திலேயே இருப்பதால், பழுப்பு மஞ்சள் கோடு பெரும்பாலும் அங்கேதான் முதலில் விழும். நேரம் குறைவான நாளில் இரு பக்கமும் அந்தப் பல்லை மட்டுமாவது துலக்குங்கள்.

பழக்குவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம். முதல் வாரம் விரலில் பேஸ்ட்டை நக்கக் கொடுங்கள். அடுத்து உதட்டைத் தூக்கி, பல்லை விரலால் தொடுங்கள். பிறகுதான் ப்ரஷ். பூனைக்குப் பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்க வேண்டாம். சிறிய தலை, மென்மையான இழை, ஈறோரம் 45 டிகிரி சாய்வு. மனிதர் பேஸ்ட் கூடவே கூடாது. பூனை துப்பாது, ஃப்ளூரைடும் நுரையும் வயிற்றுக்குள் போய்விடும். பூனைக்கான பேஸ்ட்டைக்கூட இழைகளுக்குள் அழுத்திவிடுங்கள். மேலாக வைத்தால் முதல் நக்கிலேயே காணாமல் போகும், வெறும் ப்ரஷ்தான் மிஞ்சும்.

பலர் தோற்பது எங்கே என்றால், வலிக்கிற வாயில் தொடங்குவதால். ஈறு சிவந்து ரத்தம் கசிந்தாலோ, ஒரே பக்கமாக மென்றாலோ, பல்லைத் தொட்டதும் தாடை நடுங்கினாலோ ப்ரஷ்ஷைக் கீழே வையுங்கள். அப்போது துலக்கினால் ப்ரஷ் என்றாலே வலி என்று பூனை பதிந்துகொள்ளும். வேர்ப்பகுதியிலிருந்து பல் கரைந்துபோகும் நோய் பூனைகளிடம் சகஜம். ப்ரஷ்ஷும் தடுக்காது, உணவும் தடுக்காது. பெரும்பாலும் எக்ஸ்ரேயில்தான் முழுதாகத் தெரியும். மயக்கம் கொடுக்காமல் காரையைச் சுரண்டுவது வெளிப்பார்வைக்கு மட்டுமே, ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே தங்கும். மயக்கத்தில் முறையாகச் சுத்தம் செய்து, புண் ஆறியதும் மறுபடி விரலிலிருந்தே ஆரம்பியுங்கள். குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கும் மூன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரையும் விரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.