ஸ்லோ நிற்காத ஆர்எக்ஸ் 100: எஞ்சினைப் பிரிக்கணும் என்றால் உடனே சரி சொல்லாதீர்கள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்கள் பழக்கமில்லாத பட்டறையில் வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எஞ்சின் வேலை என்று சொல்லி என்னிடம் 9,400 ரூபாய் வாங்கினார்கள். எஞ்சினைத் திறக்கவே இல்லை. போதாததற்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற, வண்டியில் இருந்த ஒரிஜினல் மிக்குனி கம்பெனி கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

வண்டி 1994 மாடல், அப்பா புதிதாக வாங்கியது. கொஞ்ச காலமாக ஸ்லோ நிற்கவில்லை, அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்காது. ரோட்டில் அருமையாக ஓடும், சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்துவிடும். சோக்கைப் போட்டால் நிற்கும், எடுத்தால் போச்சு. சூடான பிறகு சில நேரம் தானாகவே ரேஸ் ஏறும். எங்கள் தெரு மெக்கானிக் அப்போது ஊரில் இல்லை. திருச்சியில் ஆர்எக்ஸ் வண்டிக்கென்றே போர்டு வைத்திருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்தவர் ரெண்டு முறை முறுக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். "போர் போயிடுச்சு தம்பி. ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாத்தான் ஸ்லோ நிக்கும்" என்றார். அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது. "ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகுதே அண்ணே, இழுவையும் குறையலையே?" என்று கேட்டேன். "டூ ஸ்ட்ரோக்ல அப்படித்தான் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

வண்டி திரும்பி வந்தபோது ஸ்லோ நின்றது உண்மைதான். எப்படி என்றால், ஸ்லோ ஸ்க்ரூவை உள்ளே முறுக்கி ரேஸை ஏற்றி வைத்திருந்தார்கள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அலறியது. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன், உடனே அணைந்தது. பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ‘ரீபோர், பிஸ்டன் செட், லேபர்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

எங்கள் மெக்கானிக் ஊரிலிருந்து வந்ததும் கார்புரேட்டரைத்தான் முதலில் பார்த்தார். "இது உங்க வண்டியோடது இல்லையே?" என்றார். ஒரிஜினலில் மிக்குனி என்ற பெயர் பாடியிலேயே வார்ப்பில் தெளிவாக எழும்பி இருக்கும். இதில் பெயரே இல்லை, வெறும் பளபளப்பு. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அதனால் நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் கார்புரேட்டருக்கு இன்றும் நல்ல விலை கிடைக்கிறது. அவர்கள் கண் அதன்மேல்தான் இருந்திருக்கிறது.

அப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் கார்பன் கறுப்பாக, தடியாக, இறுகிப்போய் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. வருஷக்கணக்கில் ஓடிய பிஸ்டன் அது. ஓவர்சைஸ் போட்டிருந்தால் 25, 50 என்று அதன் அளவு தலையிலேயே பொறித்திருக்கும். சுத்தமாகத் துடைத்துப் பார்த்தோம், ஒரு எண்ணும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இது அப்பா முப்பது வருஷமாக யார் கையிலும் கொடுக்காமல் வைத்திருந்த வண்டி.

உண்மையான கோளாறு கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பர் ஜாயின்ட்டில் இருந்தது. அடிப்பக்கம் வெடிப்பு, விரலால் மடக்கினால்தான் தெரியும். வண்டியை ஓடவிட்டு அந்த இடத்தில் கார்புரேட்டர் கிளீனரை லேசாக அடித்தார், ரேஸ் உடனே மாறியது. வெளிக்காற்று அங்கேதான் உள்ளே போகிறது. ஸ்லோவில் பைலட் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் பெட்ரோல்தான் வரும், அதில் இந்தக் காற்றும் சேர்ந்தால் கலவை மெலிந்துவிடும். வேகத்தில் பெட்ரோல் நிறைய வருவதால் அதே வெடிப்பு பெரிதாகத் தெரியாது. சோக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும், அதைப் போட்டால் வண்டி நின்று ஓடியதும் அதனால்தான். ரப்பரும் ஓ-ரிங்கும் மாற்றி, ஏர் ஸ்க்ரூவைச் சரிபண்ணியதும் அந்த டூப்ளிகேட் கார்புரேட்டரிலேயே ஓரளவு ஸ்லோ நின்றது. செலவு 500 ரூபாய்க்குள்.

இப்படிக் காற்று ஒழுகும்போது ரேஸை மட்டும் ஏற்றிவிடுவது ஆபத்தும்கூட. மெலிந்த கலவையில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், பிஸ்டன் ஜாம் ஆகலாம். ஓட்டத்தில் ஜாம் ஆனால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இதையெல்லாம் தெரிந்தவர்கள்தான் ஸ்க்ரூவை முறுக்கி அனுப்பினார்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். "பழைய கார்புரேட்டர் தேஞ்சு போச்சு, இரும்புக்குப் போட்டாச்சு" என்றார்கள். பிஸ்டனைப் பற்றிக் கேட்டதும் குரல் ஏறியது. நாலு பேர் கூடிய பிறகு 3,000 ரூபாயைக் கையில் வைத்தார்கள். மீதி வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். ஒழுங்கான பில் இல்லாவிட்டால் புகாரை நிரூபிப்பது கஷ்டம்.

அதனால், வண்டியை விடும்போதே கார்புரேட்டர், சைலன்சர், மேக்னட் பக்கம் எல்லாவற்றையும் அவர்கள் கண்முன்னே போட்டோ எடுங்கள். எடுத்தாலே பாதிப் பேர் கை வைக்க மாட்டார்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பிஸ்டன் மாற்றினேன் என்றால் பழைய பிஸ்டன் உங்கள் கைக்கு வர வேண்டும். கடைப் பெயரும் தேதியும் உள்ள பில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

எங்கள் கார்புரேட்டரின் மேல்மூடியில், கேபிள் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், அப்பா அரத்தால் போட்ட ரெண்டு இணைகோடுகள் இருக்கும். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் பழைய மிக்குனி வாங்குகிறவர்கள் மூடியைக் கொஞ்சம் பாருங்கள். அந்தக் கோடுகள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.